தூங்கப் போகும் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் முதல் வாரத்திலேயே எனக்கு போன் செய்வது வழக்கம். இன்டர்நெட் இணைப்பு, தமிழ் டைப்பிங், ஆன்டி வைரஸ் என்று சந்தேகங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கேள்வி மட்டும் மாறாது. "வேலை முடிந்ததும் எதை அழுத்த வேண்டும்?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து பவர் பட்டனைக் கிளிக் செய்தால் ஸ்லீப், ஷட் டவுன், ரீஸ்டார்ட் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. சில கம்ப்யூட்டர்களில் ஹைபர்னேட் என்ற நான்காவது பெயரும் இருக்கும். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பெயருக்குக் கீழே விளக்கம் எதுவும் எழுதியிருக்காது. பெயரைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி ஊகித்ததால் எங்கள் வீட்டில் ஒருமுறை நஷ்டம் வந்தது. ஊகித்தவன் நான். நஷ்டப்பட்டவர் என் அப்பா.

அப்பா சிவகாசியில் டிடிபி வேலை செய்பவர். வீட்டு முன் அறையில் ஒரு டெஸ்க்டாப், ஒரு பிரிண்டர், பத்து நிமிடம் தாங்கும் ஒரு யுபிஎஸ். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு எல்லாம் டிசைன் செய்து அச்சகங்களுக்குக் கொடுப்பார். 2012-ம் ஆண்டு நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சென்னை தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்த காலம் அது. சாப்பிடப் போகும்போதெல்லாம் அப்பா எல்லா பைல்களையும் மூடி ஷட் டவுன் செய்வார். திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் திறப்பார். அதைப் பார்த்து நான்தான் சொன்னேன்: "அப்பா, ஸ்லீப் போடுங்க. எல்லாம் அப்படியே இருக்கும்."

ஒரு வாரம் எல்லாம் அப்படியேதான் இருந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம். ஒரு நாள் மதியம், ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டு உறவினர்களின் பெயர்ப் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தவர், சேவ் செய்யாமல் ஸ்லீப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கரண்ட் போனது. யுபிஎஸ் தன்னால் முடிந்தவரை கத்திவிட்டு ஓய்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கம்ப்யூட்டரைப் போட்டபோது அது புதிதாக பூட் ஆனது. பெயர்ப் பட்டியலைக் காணோம்.

நான்கு மணிக்கு வாடிக்கையாளர் புரூப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா அவசர அவசரமாகத் திரும்ப அடித்தார். அந்த அவசரத்தில் பெண்ணின் தாய்மாமன் பெயர் விடுபட்டுப்போனது. புரூப் பார்த்தவரும் கவனிக்கவில்லை. ஐந்நூறு பத்திரிகை அச்சான பிறகுதான் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பா தன் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "நீ சொன்னியேப்பா, அப்படியே இருக்கும்னு."

இன்று நான் சாப்ட்வேர் இன்ஜினியர். மெனுவில் எந்த வார்த்தையைப் போடுவது, எதை முதலில் வைப்பது என்று அலுவலகத்தில் விவாதிப்பது என் வேலையில் ஒரு பகுதி. அப்படி விவாதிக்கும்போதெல்லாம் அப்பாவின் அந்த வாக்கியம் நினைவுக்கு வரும். ஸ்லீப் என்ற பட்டன் ஒரு வாக்குறுதி. 'நீ விட்ட இடத்திலேயே எல்லாம் இருக்கும்' என்கிறது. எந்த நிபந்தனையின் பேரில் என்று மட்டும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், பவர் மெனுவின் பெரிய குறை அதுதான்.

கோழித் தூக்கமும் கும்பகர்ணன் தூக்கமும்

முதலில் ஒவ்வொரு பட்டனும் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நீங்கள் திறந்து வைத்திருக்கும் பைல்கள், புரோகிராம்கள் எல்லாம் ராம் மெமரியில் இருக்கின்றன. ராமுக்குத் தொடர்ந்து கரண்ட் வேண்டும். ஒரு கணம் நின்றாலும் அதில் உள்ளது அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. போன்றவை அப்படியல்ல. கரண்ட் இல்லாவிட்டாலும் அவற்றில் உள்ளது இருக்கும்.

ஸ்லீப் என்பது கோழித் தூக்கம். டெஸ்க்டாப்பில் மானிட்டர், ப்ராசசர், டிஸ்க், ஃபேன் எல்லாம் ஓய்வெடுக்க, ராமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். ஒரு கீயைத் தட்டினால் சில விநாடிகளில் எழுந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்சம் கரண்ட்டும் நின்றால் கதை முடிந்தது.

ஹைபர்னேட் என்பது கும்பகர்ணன் தூக்கம். ராமில் உள்ளதை டிஸ்க்கில் ஒரு பைலாக எழுதிவிட்டு, கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைந்துவிடும். ப்ளக்கைப் பிடுங்கிப் பரணில் வைத்தாலும் கவலையில்லை. திரும்ப எழ மட்டும் ஸ்லீப்பைவிட அதிக நேரம் பிடிக்கும்.

ஷட் டவுன் என்றால் எல்லா புரோகிராம்களையும் மூடிவிட்டு அணைவது. ரீஸ்டார்ட் என்றால் மூடிவிட்டு மறுபடி தொடங்குவது.

இந்த நிலைகளுக்குப் பொது இலக்கணம் வகுத்தது ஏ.சி.பி.ஐ. என்ற விதிமுறை. இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டன. அதில் எஸ் 0 முதல் எஸ் 5 வரை நிலைகள் உண்டு. விழித்திருப்பது எஸ் 0. ராமில் வைத்துத் தூங்குவது எஸ் 3. டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது எஸ் 4. முழுவதும் அணைவது எஸ் 5. இன்ஜினியர்களுக்கு இது தெளிவான பட்டியல்தான். சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், இந்தப் பட்டியலைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, நம் முன் மெனுவாக வைத்ததில்தான்.

ஒளித்து வைத்த பட்டன்கள்

விண்டோஸ் 95 காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஷட் டவுன் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இனி கம்ப்யூட்டரை அணைப்பது பாதுகாப்பானது என்று ஒரு செய்தி வரும். பிறகு நாம்தான் ஸ்விட்சை அழுத்தி அணைக்க வேண்டும். கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்னின்ன நேரத்தில் கரண்ட்டை எடுக்கலாம் என்று இயந்திரமே வாய் திறந்து சொன்ன ஒரே காலம் அதுதான். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். வகை மதர்போர்டுகள் பரவிய பிறகு, கம்ப்யூட்டர் தானே அணைந்துகொள்ள ஆரம்பித்தது. அத்தோடு அந்தச் செய்தியும் போய்விட்டது.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஸ்டாண்ட் பை, டர்ன் ஆஃப், ரீஸ்டார்ட் என்று மூன்று வண்ண பட்டன்கள் இருந்தன. ஹைபர்னேட் எங்கே? ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் ஸ்டாண்ட் பை என்ற பட்டன் ஹைபர்னேட் ஆக மாறும்! எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? கரண்ட் போனாலும் வேலையைக் காப்பாற்றும் பட்டனை, தெரிந்தவர்கள் மட்டும் திறக்கும் கள்ளப்பெட்டியில் வைத்ததுபோல் ஆயிற்று.

2007 ஜனவரியில் வீட்டு உபயோகத்துக்கு வந்த விஸ்டாவில் நேர்மாறு. ஸ்டார்ட் மெனுவில் பவர் சின்னம் போட்ட பட்டன் இருந்தது. அணைக்கும் பட்டன் என்று நினைத்து அழுத்தினால், வழக்கமான அமைப்பில் அது ஸ்லீப்! உண்மையில் அணைக்க வேண்டுமானால் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி ஒரு பட்டியலில் தேட வேண்டும். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் அந்த இடத்தில் ஷட் டவுன் என்று எழுத்திலேயே போட்டார்கள். 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் மவுஸைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோய், செட்டிங்ஸைத் திறந்து, அதற்குள் பவரைத் தேட வேண்டியிருந்தது. 2014 ஏப்ரல் அப்டேட்டில்தான் ஸ்டார்ட் திரையிலேயே பவர் பட்டன் வந்தது.

லினக்ஸும் தப்பவில்லை. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 மெனுவில் சஸ்பெண்ட் மட்டும்தான் தெரியும். ஆல்ட் கீயை அழுத்தினால் அது பவர் ஆஃப் ஆக மாறும். இனி யாரும் கம்ப்யூட்டரை அணைக்கத் தேவையில்லை, தூங்க வைத்தால் போதும் என்பது வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. பயன்படுத்தியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2012 செப்டம்பரில் வந்த 3.6 பதிப்பில் பவர் ஆஃப் வெளிப்படையாகத் திரும்பி வந்தது.

எக்ஸ்பி ஒரு பட்டனை ஒளித்தது. க்னோம் வேறொரு பட்டனை ஒளித்தது. இரண்டிலும் மெனு சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மெனுவில் பட்டன் கூடுவதும் குறைவதும் என் அப்பாவைக் காப்பாற்றியிருக்காது. ஒரே ஒரு பட்டன் இருந்திருந்தாலும் அவர் அதைத்தான் அழுத்தியிருப்பார், பெயர்ப் பட்டியல் போயிருக்கும்.

மூன்று புள்ளிகள் சொல்லும் சேதி

மேக் கம்ப்யூட்டரில் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் மெனுவைப் பார்த்தால் ஒரு சின்ன விஷயம் தெரியும். ரீஸ்டார்ட், ஷட் டவுன் ஆகிய இரண்டுக்கும் பின்னால் மூன்று புள்ளிகள் இருக்கும். ஸ்லீப்புக்குப் பின்னால் இருக்காது. மூன்று புள்ளிகள் இருந்தால் 'செய்வதற்கு முன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்பேன்' என்று அர்த்தம். ஸ்லீப் எதையும் இழக்க வைக்காது, ஆகவே கேட்கத் தேவையில்லை என்ற கணக்கு.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் ஸ்லீப் உண்மையிலேயே எதையும் இழக்க வைக்கக் கூடாது. ஆப்பிள் 2005-ல் தன் லேப்டாப்களில் சேஃப் ஸ்லீப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. தூங்கும் முன் மெமரியை டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதிவைப்பதே அது. பேட்டரி முழுவதும் தீர்ந்தாலும் நகலிலிருந்து மீண்டு வரலாம். ஹைபர்னேட் என்ற பெயரே மெனுவில் கிடையாது.

விஸ்டாவிலும் இதே யோசனை ஹைபிரிட் ஸ்லீப் என்ற பெயரில் வந்தது. அதுவும் குறிப்பாக டெஸ்க்டாப்களுக்கு. ராமிலும் வை, டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுது. கரண்ட் இருந்தால் ராமிலிருந்து உடனே எழு, போய்விட்டால் டிஸ்க்கிலிருந்து எழு. நம் ஊருக்கென்றே செய்ததுபோன்ற வசதி! ஆனால் மெனுவில் பெயர் ஸ்லீப் என்றுதான் இருந்தது. ஹைபிரிட் ஸ்லீப் இயங்குகிறதா இல்லையா என்பதை அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். பாதுகாப்பான ஸ்லீப்புக்கும் பாதுகாப்பில்லாத ஸ்லீப்புக்கும் வெளியில் ஒரே பெயர், ஒரே சின்னம்.

சுவரில் இருக்கும் ஸ்விட்ச்

இங்கே இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் சுவர் ப்ளக் பாயின்ட்களில் பெரும்பாலும் ஸ்விட்ச் இருக்காது. செருகினால் செருகியபடி கரண்ட் வந்துகொண்டே இருக்கும். ராமை நம்பித் தூங்கும் ஸ்லீப், அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும்.

நம் வீடுகளில் ஒவ்வொரு ப்ளக்குக்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு. இரவு படுக்கும் முன் டிவி ஸ்விட்ச், சார்ஜர் ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுப்பது நல்ல பழக்கம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். டெஸ்க்டாப் ஸ்லீப்பில் இருப்பது தெரியாமல் அம்மா அந்த ஸ்விட்சையும் சேர்த்து அணைத்துவிட்டால்? அம்மா மீது தவறே இல்லை. திரை கறுப்பாக இருக்கிறது, சத்தம் இல்லை, அணைந்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவும் ஒரு முயற்சி நடந்தது. 2004-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு 1621 என்ற எண்ணில் ஒரு தர விதியை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது இது. அதன் சாரம் மிக எளிது. மின் சாதனங்களுக்கு மூன்றே நிலைகள்: ஆன், ஆஃப், ஸ்லீப். ஆன் என்றால் பச்சை விளக்கு. ஸ்லீப் என்றால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு விளக்கு. தூக்கத்துக்குச் சின்னம் பிறை நிலா.

மூன்றே நிலைகள் என்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் விதி இருந்தும் பயன் பாதிதான். சில கம்ப்யூட்டர்களில் தூங்கும்போது வெள்ளை விளக்கு மினுக்கும், சிலவற்றில் விளக்கே இருக்காது. பிறை நிலாவும் தனி அர்த்தத்தோடு நிற்கவில்லை. 2012 முதல் ஐபோனில் அதே பிறைக்கு அர்த்தம், தொந்தரவு செய்யாதே என்பது. போன் தூங்குவதில்லை, நம்மைத் தூங்க விடுகிறது. புதியவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார்?

அர்த்தம் மாறிய வார்த்தைகள்

பெயர் ஒன்று, செயல் வேறு என்ற பழக்கம் விண்டோஸ் 8-க்குப் பிறகு இன்னும் கூடியது. புதியவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உட்பகுதி மூடப்படாமல் ஹைபர்னேட் ஆகும். மறுநாள் சீக்கிரம் பூட் ஆவதற்கு அதுதான் காரணம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுதாக மூடிப் புதிதாகத் தொடங்கும். 'ஷட் டவுன் செய்து போட்டும் பிரிண்டர் வேலை செய்யவில்லை' என்று யாராவது சொன்னால், நான் முதலில் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்வேன். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் முழுமையானது என்று பெயரைப் பார்த்து யாராவது ஊகிக்க முடியுமா?

இரண்டாவது, மாடர்ன் ஸ்டாண்ட்பை. இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் பழைய எஸ் 3 தூக்கம் கிடையாது. செல்போன் போலத் திரையை மட்டும் அணைத்துக்கொண்டு, உள்ளே குறைந்த மின்சாரத்தில் விழித்தே இருக்கும். இன்டர்நெட் தொடர்பையும் வைத்துக்கொள்ளலாம். தட்டியதும் எழும் என்பது லாபம். ஆனால் ஏதாவது ஒரு புரோகிராமோ டிரைவரோ அதைத் தூங்கவிடாமல் செய்தால், பைக்குள்ளேயே சூடாகி பேட்டரியைத் தின்றுவிடும். மூடியை மூடிப் பையில் வைத்த லேப்டாப் வெந்நீர்ப் பாத்திரம்போல் சுடுகிறது என்று பலரும் புலம்புவது இதனால்தான். இதற்கும் மெனுவில் பெயர் ஸ்லீப்.

ஆக, ஒரே வார்த்தை மூன்று விதமான தூக்கத்தைக் குறிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் எந்தத் தூக்கம் என்று மெனுவில் எழுதியிருக்காது.

என் யோசனை

என் அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். "புதியவர்களுக்கு விவரம் சொன்னால் குழம்புவார்கள். ஒரே பட்டன் கொடுத்துவிட்டு, மீதியை சிஸ்டமே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். வாதத்தில் உண்மை இருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஸ்லீப் தன் வாக்குறுதியை எந்த நிலையிலும் காப்பாற்றும் நாள் வந்தால் நானும் அவர் கட்சிதான். அதுவரை நிபந்தனையைச் சொல்லாமல் மறைப்பதற்கு எளிமை என்று பெயர் வைக்கக் கூடாது.

புதியவர்கள் குழம்புவார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிவியை ரிமோட்டில் அணைப்பது வேறு, சுவரில் அணைப்பது வேறு என்று நம் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மக்களுக்குப் புரியாதது எஸ் 3, எஸ் 4 போன்ற இயந்திரத்தின் நிலைகள். தாங்கள் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சாப்பிட்டுவிட்டு வருவேன். ஊருக்குப் போகிறேன். ஸ்விட்சை அணைக்கப்போகிறேன். மெனு இந்த மொழியில் பேசினால் போதும்.

ஸ்லீப் என்ற பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'உடனே தொடரலாம். ஸ்விட்சை அணைக்க வேண்டாம்.' ஹைபர்னேட்டுக்குக் கீழே: 'வேலை அப்படியே இருக்கும். ஸ்விட்சை அணைக்கலாம்.' ஹைபிரிட் ஸ்லீப் இயங்கினால் முதல் வரி தானாகவே மாறி, 'கரண்ட் போனாலும் வேலை இருக்கும்' என்று சொல்லட்டும். இந்தக் கம்ப்யூட்டரில் எது உண்மை என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல என்ன தயக்கம்?

இன்னொன்று. ஷட் டவுன் கொடுத்தால் சேவ் செய்யாத பைல் இருப்பதாகப் புரோகிராம்கள் எச்சரிக்கும். ஸ்லீப் கொடுத்தால் யாரும் எச்சரிப்பதில்லை. எக்ஸ்பி வரை ஒரு புரோகிராம் 'இப்போது தூங்காதே' என்று தடுக்க முடிந்தது. லேப்டாப் பைக்குள் தூங்காமல் விழித்திருப்பதற்கு அது ஒரு காரணமாக இருந்ததால் விஸ்டாவில் அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் தடுக்காமலேயே 'சேவ் செய்யாத பைல் ஒன்று இருக்கிறது' என்று மட்டும் பவர் மெனுவில் காட்டலாமே. அன்று அந்த ஒரு வரி இருந்திருந்தால் தாய்மாமன் பெயர் முதல் பத்திரிகையிலேயே இருந்திருக்கும்.

ஸ்லீப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சும்மா ஓடும் டெஸ்க்டாப் 60 வாட் எடுப்பதாகவும், தூக்கத்தில் 2 வாட் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் சும்மா ஓடினால் 43 யூனிட் ஆகும். மாதம் முழுவதும் தூங்கினால் ஒன்றரை யூனிட்கூட ஆகாது. இவ்வளவு மிச்சம் தரும் வசதியை, ஒருமுறை ஏமாந்தவர் பிறகு தொடவே மாட்டார் என்பதுதான் என் கவலை. அப்பா அதற்குப் பிறகு பல வருடம் டீ குடிக்கப் போனாலும் ஷட் டவுன்தான்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியவை

மெனு திருந்தும்வரை நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். இடது பக்கத்தில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, மேலே உள்ள, தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுவதற்கான வரியைக் கிளிக் செய்தால், கீழே ஹைபர்னேட் என்பதற்கு ஒரு கட்டம் தெரியும். டிக் செய்து சேவ் செய்யுங்கள். இனி ஸ்டார்ட் மெனுவில் ஹைபர்னேட்டும் வரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவதற்கான கட்டமும் அங்கேதான் இருக்கிறது. சில கம்ப்யூட்டர்களில் இந்தக் கட்டங்கள் இருக்காது. அப்போது அந்த வசதி இல்லை, அல்லது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், அதே பவர் ஆப்ஷன்ஸில் நடப்பு பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து, ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் ஹைபிரிட் ஸ்லீப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆன் செய்யுங்கள்.

பிறகு ஒருமுறை சோதித்தும் பாருங்கள். எல்லா பைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, கால்குலேட்டரைத் திறந்து ஏதாவது ஒரு எண்ணை அடியுங்கள். ஸ்லீப் கொடுங்கள். ஃபேன் சத்தம் அடங்கிய பிறகு ஒரு நிமிடம் காத்திருந்து, சுவர் ஸ்விட்சை அணைத்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் எழுந்ததும் கால்குலேட்டரில் அந்த எண் அப்படியே இருந்தால், உங்கள் ஸ்லீப்பை நம்பலாம். இல்லாவிட்டால் சாப்பிடப் போகும்போது ஹைபர்னேட் கொடுங்கள். லேப்டாப்பைப் பையில் வைத்து வெளியூர் கொண்டுபோகும்போதும் ஹைபர்னேட்தான் நல்லது. பவர் பட்டனை 4 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து அணைப்பது, கம்ப்யூட்டர் எதற்கும் அசையாதபோது மட்டும் செய்ய வேண்டிய கடைசி வழி.

சாலை ஓரங்களில் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மாலையானால் இலைகளை மடக்கிக்கொள்ளும், காலையில் விரித்துக்கொள்ளும். இரவில் காற்றடித்தாலும் மழை பெய்தாலும் காலையில் விரிப்பதை மறப்பதில்லை. கம்ப்யூட்டரிடம் நாம் கேட்பதும் இவ்வளவுதான். அப்படித் தூங்க முடியாவிட்டால், முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

போன வருடம் அப்பாவுக்குப் புது டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தேன். ஹைபிரிட் ஸ்லீப்பை ஆன் செய்து, மேலே சொன்ன கால்குலேட்டர் சோதனையை அவர் கண்முன்னாலேயே செய்துகாட்டினேன். ஸ்விட்சை அவரையே அணைக்கச் சொன்னேன். திரும்பப் போட்டதும் அவர் அடித்த எண் அப்படியே இருந்தது. தலையாட்டினார். இப்போது சாப்பிடப் போகும்போது ஸ்லீப்தான் போடுகிறார்.

ஆனால் அதற்கு முன் கன்ட்ரோல் எஸ் அழுத்துகிறார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. நான் எதுவும் சொல்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.